பூக்கட்டிக் கேட்ட பாடம்

“வெள்ளைக்காரந்தான் ஓடிப்போயிட்டானே, அப்புறம் யாரோட பரீட்சைக்கு அக்கா படிக்கிறே?” என்று பிச்சையம்மாள் ஒருநாள் கேட்டாள்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கலாம். மலாயாவில், குருணுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் திலகம் பழைய வேட்டியைக் கிழித்துக் காயக்கட்டுத் துணிகளாகச் சுருட்டியபடியே, இங்கிலாந்து அரசர்களின் பெயர்களை வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் புத்தகம் இல்லாதவளுக்கு மறக்காமல் இருக்க அதுதான் வழி.

நல்ல கேள்விதான். திலகம் இன்னொரு துணியைக் கிழித்தாள். “கிழங்கு ஆறிப்போகுது, தின்னு,” என்றாள்.

இப்படி ஒரு கேள்வியை அவள் வீட்டில் யாரும் கேட்டதே கிடையாது. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் படித்த பெண்கள் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து வினாத்தாள் ஏற்றிவர வேண்டிய கப்பல் எந்தக் கடலுக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. ஆனாலும் குருண் ரயில் நிலையத்துக் குவார்ட்டர்ஸில், அவளுடைய அப்பா வள்ளிபுரத்தின் வீட்டில், சாப்பாட்டு நேரத்துப் பேச்சு ஒன்றுதான்: பிள்ளை பள்ளிக் கடைசிச் சீனியர் பரீட்சைக்குப் பழைய பாடங்களையே எழுதுவதா, மாற்றிக்கொள்வதா?

வள்ளிபுரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிளார்க். ராஜாங்கங்கள் மாறலாம், பரீட்சை மட்டும் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. கிட்டத்தட்ட பக்தி என்றே சொல்லலாம்.

“சரித்திரத்தில நீ வகுப்பில முதலாவது,” என்பார். “அதை விட்டிட்டு, கண்ணாலையும் காணாத கெமிஸ்ட்ரியைப் பிடிக்கப் போறன் எண்டால் என்ன கதை?”

“சரித்திரம்தான் மாறிப்போச்சே அப்பா. ராசாவின்ர படத்தைக்கூட எல்லாரும் கழட்டிப்போட்டினம்.”

“படம் போனாலும் வருசம் போகாது. அவங்கள் வருசத்தைத்தானே கேப்பாங்கள்.”

அம்மா பாலாம்பிகை சோற்றில் கலந்திருக்கும் மரவள்ளியைத் தன் பக்கம் தள்ளி, சோற்றை மகள் பக்கம் தள்ளியபடி சொல்வாள்: “பொம்பிளைப் பிள்ளை பிணத்தை வெட்டிப் படிக்கிறதோ? டீச்சர் எண்டால் பின்னேரம் வீட்டை வந்திடுவாள். டாக்குத்தர் எண்டால் எப்ப வருவாள், எங்க நிப்பாள்?”

இந்த வழக்கில் வேடிக்கை என்னவென்றால், சண்டை போட ஒரு புத்தகம்கூட அந்த வீட்டில் மிச்சம் இல்லை. ஜப்பான்காரன் வந்த முதல் வாரத்திலேயே, ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தால் ஆபத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வள்ளிபுரம் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். இங்கிலாந்து சரித்திரத்தின் சூட்டில் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் குளித்தார்கள்.

திலகத்துக்குச் சரித்திரத்தின்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. மாறவேண்டும் என்ற எண்ணம் வந்தது பிச்சையம்மாளின் தாய் காளியம்மாவால்தான். காளியம்மாவின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவளுக்குக் கணுக்காலில் ஒரு புண். கழுவக் கழுவப் பெரிதாகிக்கொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் திலகம் ஆஸ்பத்திரியில் துணி அவிக்கவும் சீட்டு எழுதவும் போய்வந்தாள். ஒருநாள் காளியம்மா காலை நீட்டிக்கொண்டு, “ஏம்மா, இது ஏன் ஆறமாட்டேங்குது? நீ படிச்ச புள்ளதானே, சொல்லேன்,” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஓர் அரசனுக்கு வாழ்க்கைப்பட்ட ஆறு ராணிகளின் பெயரையும், யார் தலை போயிற்று, யார் தலை தப்பிற்று என்பதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய திலகம், கழுவின புண்ணையே இன்னொரு தடவை கழுவினாள். அன்று வீட்டுக்கு வந்தவள்தான், “நான் சயன்ஸ் எடுத்து மெடிக்கல் காலேஜுக்குப் போகப் போறன்,” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, பயம் இருந்தது. அவள் பள்ளியில் சயன்ஸ் பாடமே கிடையாது. வாத்தியார் இல்லாமல் முதல் எழுத்திலிருந்து தொடங்கவேண்டும். தோற்றால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

இதையெல்லாம் இன்னும் ஒரு வருடம் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம். செல்வரத்தினம் மாஸ்டரின் கோழிக்கூடுதான் அவசரப்படுத்தியது.

மாஸ்டர் இருந்தது திகாம் பத்துவில். வள்ளிபுரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அவர் தம் புத்தகங்களை எரிக்கவில்லை. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் அடைத்து, மெழுகு பூசி, கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார். ஒன்றில் சரித்திரம், இலக்கியம், பூகோளம். மற்றதில் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், உடற்கூறு. இப்போது அவர் வைகாசி விசாகம் கழிந்த மறுநாள் தைப்பிங்கில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறார். தகரங்களைக் கொண்டுபோக முடியாது. ஒன்று திலகத்துக்கு, ஒன்று பரஞ்சோதிக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார். “பிரிச்சு ஆளுக்குப் பாதி எண்டு மட்டும் கேக்கக்கூடாது. பாதிப் புத்தகத்தோட ரெண்டு பேரும் பெயில் விடுவியள். ஆளுக்கொரு முழுத் தகரம்,” என்பது அவருடைய கட்டளை.

பரஞ்சோதி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் சுப்பிரமணியத்தின் மகன். சுங்கைப் பட்டாணியில் ஆண்கள் பள்ளியில் சயன்ஸ் வகுப்பில் படித்தவன். ஆகவே எந்தத் தகரம் யாருக்கு என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. திலகம் மாறினால்தான் சிக்கல்.

அதை அவள் மறைக்கவில்லை. பரஞ்சோதி ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஒரு காலையில் சொல்லிவிட்டாள்.

“என்னாங்க, எந்த ராசா வரைக்கும் வந்திருக்கீங்க?” என்று அவன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

“நான் மாத்திறதா இருக்கிறன்.”

“ராசாவையா?”

“பாடத்தை. சயன்ஸுக்கு.”

பரஞ்சோதி தோளில் இருந்த காவடிக் கட்டையை இறக்கினான். இரண்டு வாளியும் தரையில் நின்ற பிறகும் குனிந்தே இருந்தான். பிறகு நிமிர்ந்து, “அப்போ ஒரு தகரத்துக்கு ரெண்டு ஆளு. மாஸ்டரோட கோழிகிட்டத்தான் பஞ்சாயத்து வைக்கணும்லா,” என்றான். சிரிக்கவும் செய்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வர கொஞ்சம் நேரம் எடுத்தது.

“இன்னும் முடிவாகேல்லை,” என்றாள் திலகம்.

முடிவெடுக்க வள்ளிபுரத்துக்குத் தைரியம் வரவில்லை. நகம் வெட்டக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர். கடைசியில் அவர் சொன்னது, இப்படிப்பட்ட இக்கட்டில் அவருடைய தகப்பனார் செய்ததுதான்: “முருகனையே கேட்டிடுவம். பூக்கட்டிப் பாப்பம்.”

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, சாமிக்கு முன்னால் வைக்கவேண்டும். எதில் எது என்று வெளியே தெரியக்கூடாது. ஒன்றும் அறியாத ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் பழைய பாடம், சிவப்பு வந்தால் சயன்ஸ். விசாகத்தன்று காலை, தோட்டத்து முருகன் கோயிலில். குழந்தைக்குப் பிச்சையம்மாள்.

விசாகத்துக்கு முந்தின நாள் மாலை வள்ளிபுரம் குளித்துத் திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் மடித்துக் கட்டினார். விடிந்ததும் வேலைக்குப் போகும்போது இரண்டு பொட்டலத்தையும் சாப்பாட்டுக் கேரியரின் மேல் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டார்.

“ஏன் இதை ஸ்டேசனுக்குக் காவிறியள்? நான் கோயிலுக்கு வரேக்கை கொண்டுவாறன்,” என்றாள் பாலாம்பிகை.

“வேண்டாம். வீட்டில இருந்தால் ஆரேன் கை வைப்பினம்.”

“ஆர் கை வைக்கிறது?”

“நான் ஒருதரையும் சொல்லேல்லை.”

பாலாம்பிகை அதோடு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். இது வள்ளிபுரத்துக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் மலாயா முழுக்கத் தோக்கியோ நேரம் என்று ஆக்கிவிட்டான். சூரியன் தன்பாட்டில் ஜெராய் மலைக்கு இந்தப் பக்கம் எழுந்துகொண்டிருக்க, ஸ்டேசன் கடிகாரம் மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கத்துக்குத் தோக்கியோ தெரியாது. ஆகவே ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக் கழிக்கவேண்டும். குருண் பக்கத்தில் இந்தக் கணக்கில் வள்ளிபுரத்தை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கிழங்கு நடவு எதுவானாலும் ஜனங்கள் ஸ்டேசன் ஜன்னலில் வந்து, “ஐயா, நம்ம நேரத்துக்கு இது எத்தனை?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவர், தம் சொந்த மகளின் காரியத்தன்று, ஸ்டேசன் கடிகாரம் ஒன்பது காட்டியதும் பதறிப்போய்ச் சைக்கிளை எடுத்தார். நல்ல நேரம் ஒன்பதுக்கு. கழிக்க மறந்துவிட்டார்.

கோயிலில் யாரும் இல்லை. வாசலில் கோலம்கூடக் காயவில்லை. பூசாரிப் பண்டாரம் குடத்தோடு கிணற்றுக்குப் போயிருந்தார். வள்ளிபுரத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவரும், முருகனும், இரண்டு பொட்டலமுமாக ஒன்றரை மணி நேரம் இருக்கவேண்டும்.

ஒரு நல்ல மனிதனைச் சும்மா உட்காரவைத்தால் அவனுக்கு நல்ல எண்ணங்கள்தான் வரும். நல்ல எண்ணத்தில் செய்கிற குளறுபடியைத் தடுக்கவும் யாராலும் முடியாது. அவர் என்ன செய்தார் என்பது போகப் போகத் தெரியும்.

வெயில் ஏறியதும் பாலாம்பிகையும் திலகமும் நடந்து வந்தார்கள். காளியம்மா காலை இழுத்து இழுத்து, மகளுக்கு எண்ணெய் தடவிச் சீவி அழைத்து வந்தாள். சாக்குத் துணியில் தைத்த பாவாடைதான், ஆனாலும் துவைத்திருந்தது. டிரெசர் சுப்பிரமணியமும் பரஞ்சோதியும் விசாகத்துக்குக் கும்பிட வந்தவர்கள், ஓரமாக நின்றார்கள்.

பண்டாரம் கற்பூரம் காட்டினார். பொட்டலங்கள் இரண்டையும் தட்டில் வைத்து முருகனுக்கு முன்னால் வைத்தார். “பாப்பா, சாமியைக் கும்பிட்டுட்டு ஒண்ணை எடு.”

பிச்சையம்மாள் இரண்டையும் எடுத்தாள்.

“ரெண்டுல ஒண்ணும்மா.”

அவள் இரண்டையும் மோந்து பார்த்தாள். ஒன்றைத் திரும்ப வைத்தாள். யோசித்தாள். வைத்ததை எடுத்துக்கொண்டு, கையில் இருந்ததை வைத்தாள். காளியம்மா தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். பண்டாரம் கண்ணால் தடுத்தார். கடைசியில் ஒரு பொட்டலம் திலகத்தின் உள்ளங்கைக்கு வந்தது.

திலகம் நாரை அவிழ்க்கத் தொடங்கினாள். ‘சிவப்பு, சிவப்பு’ என்று அவளுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள். அவள்தான். அவ்வளவு நாள் இருந்த பயத்துக்கும் தயக்கத்துக்கும் அடியில், சந்தேகமே இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இலையைப் பிரித்தாள். வெள்ளை.

திலகம் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் ஈரமானது தெரியாமல் இருக்க, சற்று அதிக நேரம் ஒற்றிக்கொண்டாள்.

“வெள்ளையோ?” என்றாள் பாலாம்பிகை. “வெள்ளை எப்பிடி வரும்?”

“ஏன் வராது?” என்றார் வள்ளிபுரம். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

“வர ஏலாது. ரெண்டிலையும் நான் சிவப்பெல்லோ வைச்சனான்.”

பண்டாரம் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

“நீர் எப்ப வைச்சனீர்?”

“விடியக் காலமை, நீங்கள் எழும்ப முன்னம். வெள்ளையை எடுத்து வீட்டில முருகன்ர படத்துக்கே சாத்திப்போட்டு, அதுக்கையும் அரளியை வைச்சுக் கட்டினன். பிறகு நீங்கள் காவல் காக்கிறன் எண்டு காவிக்கொண்டு போனியள்.”

“பிணத்தை வெட்டிப் படிக்கிறதோ எண்டு கேட்ட ஆள் நீரெல்லோ?”

“கேட்டனான்தான். பிறகு அண்டைக்கு ஆசுப்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனன். இவள் காளியம்மாவின்ர கால் கழுவிக்கொண்டு இருந்தாள். எனக்கு எட்டி நிண்டே பாக்க ஏலேல்லை. என்ர பிள்ளையின்ர கை ஆடேல்லை.” பாலாம்பிகை மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “அது கிடக்கட்டும். ரெண்டும் சிவப்பெண்டால் இந்த வெள்ளை எங்கையிருந்து வந்தது?”

வள்ளிபுரம் கோயில் கூரையைப் பார்த்தார். அங்கே உதவி ஒன்றும் கிடைக்கவில்லை. “நான் முந்தியே வந்திட்டன்,” என்றார்.

“வந்து?”

“சும்மா ஒண்டை அவிட்டுப் பாத்தன். சிவப்பாய் இருந்தது. அப்ப மற்றது வெள்ளை எண்டு நினைச்சு… இதையும் வெள்ளையாக்கிப்போட்டன். வாசல்ல நந்தியாவட்டை நிக்குதுதானே.”

டிரெசர் சுப்பிரமணியம் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். பரஞ்சோதி திரும்பித் தூணைப் பார்த்து நின்றான். அவனுடைய தோள் குலுங்கியது.

“அப்பா, நான் சயன்ஸ் படிக்கிறது உங்களுக்கு அவ்வளவு பிடிக்கேல்லையோ?” என்று திலகம் கேட்டாள்.

“ஐயோ பிள்ளை, அப்பிடியில்லை.” வள்ளிபுரம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நீ பயந்துபோய் இருக்கிறாய் எண்டு நினைச்சன். மாத்தப் போறன் எண்டு வாயாலை சொல்லிப்போட்டாய், இனி பின்வாங்க வெக்கமாய் இருக்கும். பூ சொல்லிப்போட்டுது எண்டால் வெக்கம் இல்லைத்தானே. உனக்கு ஒரு சாட்டாய் இருக்கட்டும் எண்டுதான்…”

பண்டாரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “அம்மா வெள்ளையை எடுத்துச் செவப்பு வச்சாங்க. ஐயா ஒரு செவப்பை எடுத்து வெள்ளை வச்சாரு. அப்போ தட்டுல ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. நீங்க ரெண்டு பேரும் பண்ண கள்ளத்தனம் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. முருகன் நியாயமாத்தான் சொல்லியிருக்காரு. வெள்ளைதான்.”

மற்றப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிவப்புதான் இருந்தது. பிச்சையம்மாள் அதை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

வள்ளிபுரம் மகளின் கையில் இருந்த வெள்ளைப் பூவையும், அவளுடைய கண்களையும் பார்த்தார். பிறகு, அந்த ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றை மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, நீ என்ன நினைச்சுக்கொண்டு அவிட்டனீ?”

“சிவப்பு வரவேணும் எண்டு.”

“பயம் இல்லையோ?”

“இருக்கு. ஆனா சிவப்புத்தான் வேணும்.”

வள்ளிபுரம் முருகனைப் பார்த்தார், பண்டாரத்தைப் பார்த்தார். “அப்ப ஏன் சாமியைக் கேட்டனாங்கள்?” என்றார், தம்மையே கேட்பதுபோல.

பண்டாரம் திருநீற்றுத் தட்டை நீட்டினார். “சாமியைக் கேட்டதாலதானே ஐயா, புள்ளயையும் கேட்டீங்க. வெள்ளையை எடுத்துக் குடுத்து அவரு உங்களைப் பேசவச்சாரு. எடுத்துப் பூசிக்கிட்டுப் போங்க. நான் பூசையை முடிக்கணும்.”

பாடம் முடிவாயிற்று. தகரம் முடிவாகவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்ததும் வள்ளிபுரம் தயங்கித் தயங்கிப் பரஞ்சோதியைக் கூப்பிட்டார். “தம்பி, நீரும் சயன்ஸ்தானே. இப்ப…”

“சயன்ஸா?” பரஞ்சோதி முகத்தைச் சுளித்தான். “அதை யாருங்கையா படிப்பா? அந்தக் கெமிஸ்ட்ரி ரூம் நாத்தம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகல. நான் ரொம்ப நாளா ஆர்ட்ஸுக்கு மாறணும்னுதான் இருந்தேன். அந்தச் சரித்திரத் தகரம் இவங்களுக்குப் போயிடுமேன்னுதான் வாயைத் திறக்கல. நல்லதாப் போச்சு.”

சுப்பிரமணியம் மகனைப் பார்த்தார். திலகமும் பார்த்தாள். அவன் பிச்சையம்மாளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “ஏய், நீ ஏன் வெள்ளையை எடுத்தே?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். “அதுதான் நல்லா மணந்துச்சு,” என்றாள் அவள்.

மறுநாள் வள்ளிபுரமும் பரஞ்சோதியும் இரண்டு சைக்கிளில் திகாம் பத்துவுக்குப் போனார்கள். கோழிகளை விரட்டி, மண்ணைத் தோண்டி, தகரங்களை எடுத்து, மேலே மரவள்ளிக் கிழங்கைப் பரப்பிக் கட்டினார்கள். வழியில் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் கிழங்கை விலக்கிப் பார்க்கக் குனிந்தான். ஒன்றரை வருடத்துக் கோழி எச்சம் அவனை எதிர்கொண்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினான். கல்விக்குக் கோழிகள் செய்த தொண்டு என்று பரஞ்சோதி அதைப் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னான்.

திலகம் படிக்கத் தொடங்கினாள். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த மாதம், எதெது புரியவில்லை என்பது புரிந்தது. உடற்கூறுப் புத்தகத்தில் புண் எப்படி ஆறுகிறது என்று ஒரு பகுதி இருந்தது. அதைப் படித்துவிட்டு, காளியம்மா சாப்பிடும் கிழங்கையும் அவள் காலையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டு முருங்கையில் இருந்து தினமும் ஒரு கொத்துக் கீரை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கோழி முட்டை கிடைத்த நாளில் அதுவும் போயிற்று. புண் ஒரேயடியாக ஆறிவிடவில்லை. ஆனால் பெரிதாவது நின்றது.

பரஞ்சோதி தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் சரித்திரம் பேசினான். “அந்த ஆறு ராணியில நாலாவது ஆளு கெட்டிக்காரிங்க. வேணாம்னதும் சரின்னு வீட்டை வாங்கிக்கிட்டுப் போயிட்டா,” என்பான். “எனக்குத்தான் யார் தலை போச்சுன்னு மாறிமாறிப் போகுது. பரீட்சையில எல்லாத் தலையையும் வெட்டிடலாம்னு இருக்கேன்.” திலகம் சிரிப்பாள். அவனுக்குப் பிடித்துத்தான் படிக்கிறான் என்று நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் அவித்த துணிகளைக் காயப்போட ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போனாள். வழக்கமான கொடியில் இடம் இல்லாமல், விறகுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கச் சுவர்வரை போகவேண்டியிருந்தது. அங்கே சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கரிக்கட்டையால் எழுதியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் அவளுக்கு அது கிறுக்கலாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது வாசிக்க முடிந்தது. கெமிஸ்ட்ரிச் சமன்பாடுகள். நினைவிலிருந்து எழுதியவை. சில முழுதாக இருந்தன. சில பாதியில் நின்றன. ஓர் இடத்தில் ஒரே வரியை நாலைந்து விதமாக எழுதி, துணியால் அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அந்த வரி அவளுடைய புத்தகத்தில், ஒன்பதாம் பாடத்தில் இருந்தது. போன வாரம்தான் படித்திருந்தாள்.

டிரெசர் சுப்பிரமணியம் விறகு எடுக்க வந்தார். அவள் நிற்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

“அவன்தான்மா. மறந்துபோயிடும்னு எழுதி எழுதிப் பாக்குறான். சின்னதுலேருந்தே இஞ்சினியர் ஆவணும்னு சொல்லிக்கிட்டிருந்த பய.” விறகை மார்போடு அணைத்துக்கொண்டார். “நீ பாத்தேன்னு சொல்லிடாதேம்மா. வருத்தப்படுவான்.”

“சொல்ல மாட்டன் ஐயா,” என்றாள் திலகம்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பலதும் யோசித்தாள். தகரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அவன் வாங்கமாட்டான். புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்று சொல்லலாம். சொன்னால், கோயில் வாசலில் அவன் சொன்னது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன பொய்யை அவன் கையிலிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

“அப்பா, பழைய சரக்குச் சீட்டு ஸ்டேசன்ல கிடக்குதோ? பின்பக்கம் வெறுமையா இருக்கிறது?” என்று கேட்டாள்.

“வெள்ளைக்காரன்ர காலத்துச் சீட்டு அலுமாரி நிறையக் கிடக்கு. ஆருக்கு வேணும் அது?” வள்ளிபுரம் ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. எழுதத் தொடங்க நல்ல நேரம் மட்டும் பார்த்துச் சொன்னார், தோக்கியோவைக் கழித்து.

காலையில் ஆஸ்பத்திரி, பிற்பகலில் எழுத்து என்று ஆயிற்று. மை இல்லாததால் கடுக்காயைக் காய்ச்சி அம்மா மை செய்து தந்தாள். படங்களை வரைவதுதான் கஷ்டம். குடுவையும் குழாயும் முதலில் கத்தரிக்காய்போல வந்தன. கிழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். எழுதும்போது அவளுக்கும் பாடம் ஏறியது. ஒரு வரியை இன்னொருவனுக்காக எழுதும்போது, புரியாமல் தாண்டிப்போக முடியவில்லை. ஒன்பதாம் பாடத்துக்கு வந்தபோது அந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் பெரிதாக, தெளிவாக எழுதினாள்.

கெமிஸ்ட்ரி முடிந்த நாளில் தாள்களை அடுக்கி, ஓரத்தில் ஊசியால் குத்தி, வாழைநாரால் தைத்தாள். தன் பெயரை எழுதவில்லை.

அரிசிப் பங்கீடு கொடுக்கும் நாள் ஒன்று வந்தது. டிரெசர், பரஞ்சோதி, லயத்து வீட்டுத் தொழிலாளர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் இரண்டு பேர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திலகம் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டகையைச் சுற்றிப் போனாள்.

சுவரில் புதிதாக இரண்டு வரிகள் சேர்ந்திருந்தன. கேள்விக்குறி அப்படியே இருந்தது. சுவரின் அடியில், செங்கல் ஒன்று விழுந்து உண்டான பொந்தில் அவன் கரிக்கட்டையை வைத்திருந்தான். அவள் துணிக்கு அடியிலிருந்து தாள்கட்டை எடுத்து அந்தப் பொந்தில் வைத்தாள். மழை வந்தால் நனையாதபடி இன்னும் உள்ளே தள்ளினாள். கரிக்கட்டையை அதன்மேல் வைத்தாள்.

பிறகு துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். கூடை காலியானதும் கைகளைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனாள். வீட்டில் பிசிக்ஸ் புத்தகம் காத்திருந்தது. சரக்குச் சீட்டும் இன்னும் பாதிக் கட்டு மிச்சம் இருந்தது.